பதினேழாம் கட்டை

அந்தப் பெட்டியைப் பற்றி என் முதுகிடம் கேட்டால்தான் ஒழுங்கான பதில் கிடைக்கும். நான் வேன் ஓட்டுகிறவன். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், ஒருமுறை கால் கட்டிய கன்றுக்குட்டி என்று எதையெதையோ ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஆனால் ஸ்க்ரூ அண்ணன் வீட்டு டேப் பெட்டி மாதிரி ஒரு சனியனை என் ஆயுசில் பார்த்ததில்லை. பார்வைக்கு ஹார்மோனியத்துக்கு மூத்த அண்ணன் மாதிரி சாதுவாக நிற்கும். நாலு பேர் சேர்ந்து தூக்கும்போதுதான் அதன் புத்தி தெரியும். ஒரு பக்கமாகச் சாயும். அதுவும் என் பக்கமாகத்தான் சாயும்.

உள்ளே இருப்பது முழுக்க டேப். பழைய கேசட்டில் சாக்லேட் நிறத்தில் ஒரு நாடா ஓடுமே, அதேதான், கொஞ்சம் அகலம். மேலே ஹார்மோனியத்தில் இருப்பது மாதிரி அழுத்தி வாசிக்கும் கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடா. எந்தக் காலத்திலோ யாரோ வயலின்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி அதில் பதிந்திருக்கிறார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின் கேட்கும். எட்டு விநாடிதான். அதற்கு மேல் நாடா இல்லை. விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஓட்ட ஒரே ஒரு மோட்டார். மழை பெய்தால் நாடா ஒட்டும், வெயில் அடித்தால் தளரும். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், நாலு கட்டையாவது ஊமையாகிவிடும். அதற்காக என்னை யாரும் திட்டியதில்லை. அண்ணன் பின்பக்கத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

அவரை ஊரே ஸ்க்ரூ அண்ணன் என்றுதான் கூப்பிடும். ஸ்க்ரூ கழன்றவர் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு. அவருக்கு இரண்டும் தெரியும். “கழண்டா முடுக்கிக்கலாம் டிரைவர், அதுக்கென்ன இப்போ?” என்பார். பெட்டியை வாசிப்பது அண்ணி. நாடக அரங்குகள், நடனப் பள்ளிக்கூடம், சில சமயம் யாராவது செத்துப்போனால் அஞ்சலிக் கூட்டம். எங்கே போனாலும் பெட்டி, அண்ணி, அண்ணன் மூன்றும் ஒரே செட். தனித்தனியாக வாடகைக்குக் கிடைக்காது.

அரங்கில் நான் மேடையின் ஓரமாக நின்று பார்ப்பேன். முன்னால் இருப்பவர்களுக்கு அண்ணியின் முகம் மட்டும் தெரியும். பெட்டிக்குப் பின்னால், முக்காலியில், வாயில் ஒரு சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவள் வாசிக்க வாசிக்க இவர் உள்ளே கையை விட்டு ஏதாவது ஸ்பிரிங்கைத் தட்டுவார், நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சைச் சரிசெய்வார். சிக்கிக்கொண்ட நாடாவை, அடுத்த முறை அந்தக் கட்டை அழுத்தப்படுவதற்குள் எடுத்துவிட்டுவிடுவார். எந்தக் கட்டை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். இசை கிசை எதுவும் தெரியாது. அவள் கை எங்கே போகும் என்று தெரியும்.

இப்படி ஒரு ஜோடி வீட்டிலும் கொஞ்சிக் குலாவுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது, அந்த வயிற்றெரிச்சலை விடுங்கள். நீளமான ஒரே அறை. ஒரு கோடியில் ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே ஒரு கிடங்கின் செங்கல் சுவர். மறு கோடியில் அண்ணனின் வேலை மேசை, அதன் மேல் ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கொக்கிகள். நடுவில் பெட்டி. அண்ணி உருளைக்கிழங்கை வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவாள். அந்த வாசனைக்கே நான் மாடி ஏறுவேன். எனக்கொரு தட்டு, அண்ணனுக்கு ஒரு தட்டு வேலை மேசையின் ஓரத்தில். தன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் போய்விடுவாள். செங்கல்லைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். இவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். நடுவில் நான் ஒருவன், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

பேச்சு இல்லாமல் இல்லை. இருந்தது. எப்படி என்றால் இப்படி:

“பன்னெண்டாம் கட்டை மூச்சு விடுது.”

“எப்பலேருந்து?”

“காலைலேருந்து.”

“பஞ்சு தேஞ்சிருக்கும். பாக்கறேன்.”

பிறகு அவர் பலகையைக் கழற்றுவார். அவள் கட்டையை அழுத்துவாள். “இப்போ?” “இன்னும்.” “இப்போ?” “ம்.” “இப்போ?” “சரியாயிடுச்சு.” அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு முடிந்தது.

சண்டை ஏதாவதா என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் வேனில் வரும்போது வாயைவிட்டுக் கேட்டேவிட்டேன். “ஏன் அண்ணே, அண்ணியும் நீங்களும் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கீங்களா?”

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “பேசிட்டுத்தானே இருக்கோம்? இப்பக்கூட பன்னெண்டைப் பத்திப் பேசினோமே.”

“அது பெட்டியைப் பத்தி.”

“வேற எதைப் பத்திப் பேசணும்?”

இந்த மனுஷனை என்ன செய்வது? எப்போது குறைய ஆரம்பித்தது என்று அவர்களுக்கே தெரியாது. குழாயில் தண்ணீர் நாளுக்கு நாள் சன்னமாவது போல ஆகியிருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவள் போட்ட கூச்சலில் தெரியாமல் போயிருக்கும். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு பெட்டிதான் மிச்சம்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் பதினேழாம் கட்டைப் பிரச்சினை வந்தது. நட்ட நடுவில் இருக்கும் கட்டை அது, எல்லாப் பாட்டிலும் வரும். “பதினேழு இழுக்குது” என்பாள் அண்ணி. சத்தம் எடுக்கும்போதே சோம்பல் முறித்துக்கொண்டு எழுவது போல இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஸ்க்ரூ உண்டு, அதை முடுக்கினால் நாடா அழுத்தமாகப் பிடிக்கும். அண்ணன் முடுக்கினார். நாலு நாள் சரியாக இருந்தது. மறுபடி இழுத்தது. மறுபடி முடுக்கினார். பிறகு பதினெட்டு இழுத்தது, இருபது இழுத்தது. அவர் முடுக்கிக்கொண்டே போனார்.

மகள் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். நான் அப்போது தட்டும் கையுமாக இருந்தேன். வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்தாள், அண்ணி ‘ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னம்மா இது? மணிக்கட்டு இப்படி வீங்கியிருக்கு!”

“ஒண்ணுமில்ல. மழைக்கு.”

“மழைக்குக் கை வீங்குமா? அப்பா, நீங்க பாக்கலயா?”

அண்ணன் வேலை மேசையிலிருந்து திரும்பினார். மகள் அம்மாவின் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டு பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. நானும் அன்றுதான் பார்த்தேன்.

“சித்தப்பா, இந்தப் பெட்டியோட கட்டையை அழுத்திப் பாருங்க,” என்றாள் மகள் என்னிடம்.

நான் போய்ப் பதினேழை அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பஸ்ஸின் பிரேக்கை விரலால் அழுத்துவது போல இருந்தது. விஷயம் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கட்டையில் கோளாறே இல்லை. அவள் விரலில் பலம் குறைந்திருக்கிறது, அதனால் சத்தம் இழுத்திருக்கிறது. இவர் அதைக் கட்டையின் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவை முடுக்க முடுக்க, கட்டை இன்னும் கடினமாகி, அவள் கை இன்னும் வீங்கி... அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார் கடைசியில்.

“இழுக்குதுன்னு சொன்னேனே,” என்றாள் அண்ணி.

மருத்துவர், வாசிப்பதை நிறுத்து என்றார். ஒரே வார்த்தை. அண்ணி அன்று ஜன்னல் பக்கம் போகவில்லை, பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள், மூடியைத் திறக்காமல். மகள்தான் வழி சொன்னாள். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு இப்போது ஒரு மின்னணுப் பலகை வந்திருக்கிறதாம். நாடா, மோட்டார், ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதைப் பொருத்தினால், அதே வயலின், அதே சத்தம், கட்டை மட்டும் பூ மாதிரி இருக்கும். மழை, வெயில் எதுவும் ஒன்றும் செய்யாது. பார்சலில் வரும்.

“நாடா இல்லாட்டி அது வெறும் மேசைம்மா,” என்றார் அண்ணன்.

“மேசையாவே இருக்கட்டும்ப்பா. அம்மா வாசிக்கணுமா வேண்டாமா?”

“வாசிக்கணும்.”

“அப்புறம் என்ன?”

அவர் பெட்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே நின்றார். “எட்டு விநாடிக்கு மேல ஓடுமா?”

“எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓடும்.”

“கெட்டுப்போனா?”

“கெட்டே போகாது. அதுக்குத்தானே மாத்தறோம்!”

“கெட்டே போகாதா,” என்றார் அண்ணன். ஏதோ சாமி வரம் கொடுத்ததை நம்ப முடியாதவர் போலச் சொன்னதாகத்தான் எனக்கு அப்போது பட்டது. எனக்கோ உள்ளூர ஒரே கொண்டாட்டம். மோட்டாரும் இரும்புச் சட்டமும் போனால் பெட்டியின் பாதி எடை போய்விடும். “மாத்திடுங்க அண்ணே, மாத்திடுங்க” என்று நான்தான் அதிகமாகக் குதித்தேன்.

வேலையை வேறு யாரிடமும் அவர் விடவில்லை. முதலில் ஒவ்வொரு நாடாவின் சத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்காக எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்திவிட்டார். அண்ணி வலி இல்லாத கையால் அழுத்துவாள், அவர் பதிவார். பெட்டியின் பக்கத்தில் இரண்டு நாற்காலி, பக்கத்தில் பக்கத்தில். தெருவில் ஹாரன் அடித்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எதிர்க் கிடங்கில் யாராவது சரக்கை உருட்டினால் மறுபடி முதலிலிருந்து.

அந்த நாட்களை நான் சொல்லியே ஆக வேண்டும். காலையில் போனாலும் சாயந்திரம் போனாலும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. மாடிப்படியிலேயே கேட்கும்.

“அழுத்து... விடு. உன் நாற்காலி கிறீச்சுன்னுது.”

“என் நாற்காலியா? உங்க மூச்சு! புஸ்ஸு புஸ்ஸுன்னு மாடு மாதிரி. பதிவுல அதுதான் கேக்குது.”

“நான் மூச்சு விடாம இருக்கணுமா?”

“எட்டு விநாடிதானே? இருங்க.”

அண்ணன் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பதிவாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. அவள் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மதியம் ரொட்டியும் முட்டையும் அங்கேயே, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு. கடைசிக் கட்டையை அவர் சும்மா சும்மா மறுபடி எடுத்தார். “கொஞ்சம் கரகரன்னு இருக்கு, இன்னொரு தடவை,” என்றார். எனக்கு ஒரு கரகரப்பும் கேட்கவில்லை. அண்ணிக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் அழுத்தினாள்.

பிறகு நாடாக்களைச் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். மோட்டாரை ஒரு கடைக்காரன் தூக்கிப் போனான். பலகை பொருந்தியது.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. அண்ணி விரலை வைத்ததும் சத்தம் வந்தது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள், அவ்வளவு லேசு. பிறகு வாசித்தாள். மத்தியானம் முழுக்க வாசித்தாள். எத்தனையோ வருஷமாக எட்டு விநாடிக்குள் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பழகிய கை, இப்போதும் தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது. “மாத்த வேண்டாம்மா, ஓடும்” என்று மகள் வீடியோ காலில் கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணி தலையாட்டினாள். மணிக்கட்டு வீக்கம் கொஞ்ச நாளிலேயே வடிந்துவிட்டது. நானும் என் வேன் உதவியாளும் மட்டுமே பெட்டியைப் படியிறக்கினோம். என் முதுகு அன்று அந்த மின்னணுப் பலகையைக் கண்டுபிடித்தவனை வாழ்த்தியது.

அரங்கில் அண்ணன் வழக்கம்போல முக்காலியைப் போட்டு, பின்பக்கத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கட்டை விரல் அளவில் ஒரு பச்சை விளக்கு. வேறு ஒன்றும் இல்லை, வெறும் இடம். டார்ச்சைக் கவ்விக்கொண்டு நாடகம் முழுக்க அந்தப் பச்சை விளக்கையே பார்த்தார். கைகள் இரண்டும் மடியில். அவள் வாசித்தாள். ஒரு கட்டை கூட உதவி கேட்கவில்லை.

முடிந்ததும் அரங்க மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “அம்மா, சூப்பர். ஒரு தப்பு கூட இல்ல. ஆமா, இவரு எதுக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு? ஆளுங்க போக வர இடிக்குதே.”

அண்ணியும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று இவர் பார்த்தார். இவர் சொல்லுவார் என்று அவள் பார்த்தாள். “சும்மாதான்,” என்றார் அண்ணன்.

அடுத்த முறை அவர் வரவில்லை. “எனக்கென்ன வேலை அங்கே,” என்றார். கோபமெல்லாம் இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். அண்ணி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், மடியில் கைப்பையை வைத்து இறுக்கிக்கொண்டு. நானே வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

“இனிமே நிம்மதி, இல்ல அண்ணி? கையும் வலிக்கல, பெட்டியும் மக்கர் பண்ணல.”

“நிம்மதிதான் தம்பி,” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணி ஜன்னல் பக்கம். அண்ணன் மேசைப் பக்கம், காலி மேசை. கொக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார், மறுநாளும் அதே கொக்கிகளைத் துடைத்தார். பெட்டி நடுவில் புதுப் பெண் மாதிரி பளபளவென்று நின்றது, ஒரு குறையும் சொல்லாமல். நான் நாடகத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். இருவரும் என்னிடம் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேச என்ன இருந்தது? பன்னிரண்டு மூச்சு விடவில்லை. இருபது ஒட்டவில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு வீட்டுக்குள் இப்படித் தனித்தனியாகக் கிடக்க இவர்களால் எப்படி முடிகிறது என்று வேனில் ஏறிக் கதவை ஓங்கி அறைவேன்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. நான் நனைந்துபோய் மாடி ஏறினேன். அண்ணி டீ கொடுத்தாள். பிறகு போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். எதையோ வாசித்தாள், நிறுத்தினாள். ஒரே கட்டையை இரண்டு மூன்று முறை அழுத்தினாள். திரும்பாமலேயே சொன்னாள்:

“பதினேழு இழுக்குது.”

அண்ணன் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முக்காலி கவிழ்ந்தது. டார்ச், ஸ்க்ரூடிரைவர், கண்ணாடி எல்லாம் ஒரே கைப்பிடியில். “இழுக்குதா? அது எப்படி இழுக்கும்? தள்ளு, பாக்கறேன்” என்று பலகையைக் கழற்றி உள்ளே தலையை விட்டார். அண்ணி நாற்காலியை அவருக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். மழை கழுவிவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் அதில்.

“அழுத்து.”

அழுத்தினாள்.

“இப்போ?”

“இழுக்குது.”

அண்ணன் வெளியே வந்தார். சுருதி பார்க்கும் மெஷின் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள், அதை மாட்டினார். “அழுத்து. விடாத.” முள் நடுவில் நின்றது. அசையவே இல்லை. அவர் வேறு வேறு விதமாக மாட்டிப் பார்த்தார், பக்கத்துக் கட்டைகளையும் பார்த்தார். பிறகு மெஷினை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாரு. முள் நேரா நிக்குது. இழுக்கவே இல்ல.”

“எனக்கு இழுக்கற மாதிரி இருக்கு.”

“உனக்கு இருக்கலாம். இதுல இழுக்க ஒண்ணுமே இல்லையே? நாடாவா இருக்கு, மோட்டாரா இருக்கு?” மெஷினைக் கீழே வைத்தார். அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. “காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு. வயசாகுதில்ல.”

அடப் பாவி மனுஷா என்று என் வாய் வரை வந்தது. அண்ணி விரலை எடுத்தாள். மூடியை மெதுவாகச் சாத்தினாள். “சரி,” என்றாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணியிடமிருந்து போன். மகள் வீட்டுக்குப் போகணும், பஸ் நிலையம் வரை விட முடியுமா என்று. ஒரே ஒரு பெட்டி, துணிப் பெட்டி. அண்ணன் மாடிப்படி வரை வந்து நின்றார். “குடை எடுத்துக்கிட்டியா” என்று கூடக் கேட்கவில்லை. கதவருகில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

வேனில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “அண்ணி, நிஜமாவே இழுத்துச்சா?”

அவள் என்னைப் பார்த்து, தம்பி தம்பி என்று இரண்டு முறை சொன்னாள். “இத்தனை வருஷம் வாசிச்சவளுக்கு அது இழுக்குதா இழுக்கலையான்னு தெரியாதா? நேரா இருந்துச்சு. நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்?”

“வேற எதைச் சொன்னா அவர் எழுந்து வருவாரு, சொல்லு? காய்ச்சல்னா மாத்திரை எடுத்துக் குடுப்பாரு. கால் வலின்னா தைலம். குடுத்துட்டு மேசைக்குப் போயிடுவாரு. இதுக்குத்தான் பக்கத்துல உக்காருவாரு.” கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். “அந்தப் பலகையைக் குறை சொல்ல மாட்டேன். என் கை பொழச்சுது. ஆனா அந்த வீட்ல என்னால முடியல தம்பி. மக வீட்ல பேரப்பிள்ளைங்க சத்தமாவது இருக்கும்.”

“எப்ப வருவீங்க?”

“தெரியல. அவர் கூப்பிட்டா வரலாம். எதுக்குன்னு கூப்பிடுவாரு? ஒண்ணும் கெட்டுப்போகலையே.”

பஸ் கிளம்பியதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேராக வண்டியைத் திருப்பினேன். இன்று அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று படியேறினேன். வழியில் ஒரு சவாரி மாட்டிக்கொண்டதில் சாயந்திரமாகியிருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. அறை முழுக்கப் பெட்டி. பெட்டி என்றால் பெட்டியாக இல்லை. கட்டைகள் எல்லாம் கழற்றப்பட்டு, தரையில் துணி விரித்து, நம்பர் வரிசையில் கிடந்தன. பச்சை விளக்குப் பலகை ஒரு பக்கம், ஒயர்கள் ஒரு பக்கம். நடுவில் அண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பதினேழாம் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“என்ன அண்ணே இது அலங்கோலம்?”

“வா டிரைவர். கண்டுபிடிக்க முடியல.”

“என்னத்த?”

“பதினேழு. அன்னிலேருந்து பாத்துட்டிருக்கேன். அவ அசந்த நேரத்துல ஒவ்வொண்ணா பாத்தேன், இன்னிக்கு மொத்தமா பிரிச்சுட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அவ காது தப்பு சொல்லாது. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், டாக்டர் கீக்டர்னு. அவ காது ஒருநாளும் தப்பு சொன்னதில்ல. அப்ப பெட்டிலதான் எங்கயோ இருக்கு. மெஷினுக்கே தெரியாத மாதிரி எங்கயோ.”

படியேறும்போது தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோனது. தரையில் ஒரு ஓரமாக, கட்டைகளை மிதிக்காமல், உட்கார்ந்தேன்.

“அண்ணே. அது இழுக்கவே இல்ல.”

“அதான் மெஷின் சொல்லுதே. ஆனா அவ...”

“அண்ணியே சொன்னாங்க. இழுக்கலையாம். நீங்க பக்கத்துல வந்து உக்காரணும்னு சும்மா சொல்லியிருக்காங்க.”

அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். அவர் பதினேழாம் கட்டையைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பிறகு அதன் இடத்தில் கவனமாக வைத்தார்.

“அப்ப இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாமும் சும்மாதானா?” என்றார்.

“அது எனக்குத் தெரியாது. நீங்கதான் கேக்கணும்.”

“சும்மா பக்கத்துல வந்து உக்காருன்னு சொல்லியிருக்கலாமே?”

“நீங்க போய் உக்காந்திருக்கலாமே?”

முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். “வரச் சொல்லணும் டிரைவர். என்னன்னு சொல்லி வரச் சொல்றது? பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டுமா? பிரிச்சுத்தானே கிடக்கு, பொய் இல்ல.”

“பெட்டியை விடுங்க அண்ணே! ஒருநாளாவது பெட்டியை விட்டுட்டு வாயைத் திறங்க.” நான் கத்தியேவிட்டேன். “போனை எடுத்துப் போடுங்க முதல்ல. மனசுல என்ன வருதோ அதைக் கேளுங்க.”

போட்டார். முதலில் தப்பான நம்பர். மறுபடி போட்டார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. மகள் எடுத்தாள். “அம்மா இப்பதான்ப்பா வந்தாங்க, இருங்க குடுக்கறேன்” என்றாள். பிறகு அண்ணியின் குரல், “ம்,” என்று மட்டும்.

அண்ணன் தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு. ஏதோ ஒன்றைக் கேட்டார், தொண்டைக்குள்ளேயே, எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு போனில் மகளின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? போனைக் குடுத்துட்டு இப்படி அழறாங்களே, என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலம்மா,” என்றார் அண்ணன். அவர் குரலும் உடைந்துவிட்டது. “சாப்ட்டியான்னுதான் கேட்டேன்.”